குழந்தைகள் இல்லத்துக்கு ஊழியப் பயணம்: கல்லூரி மாணவர் குழுக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பரீட்சை முடிந்து விடுமுறை நெருங்கினால் கல்லூரி கிறிஸ்தவ ஐக்கியங்களிலும் சபை வாலிபர் குழுக்களிலும் மிஷன் ட்ரிப் பேச்சு வந்துவிடும். மலைக்கிராமம், மீனவர் குடியிருப்பு, குழந்தைகள் இல்லம் என்று மூன்று யோசனை வந்தால் இல்லத்துக்குத்தான் நிறையக் கைகள் உயரும். திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதைப் பற்றி யாக்கோபு 1:27-ல் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. நல்ல ஆசைதான். அதைப் பிள்ளைகளுக்குப் பிரயோஜனப்படுகிற மாதிரி எப்படி நிறைவேற்றுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் மாணவர்களோடு போய்வந்து கற்றவை இவை. மற்ற மாவட்டங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் வார்டன் அக்கா, சமையல் செய்யும் அம்மா, சாயங்காலம் டியூஷன் எடுக்கும் அண்ணன், ராத்திரி காவல் இருக்கும் தாத்தா. நீங்கள் நாலைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள், அவர்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்துவிட்டு வந்தால் உங்கள் பயணம் நல்ல பயணம். பிள்ளைகளின் பாசத்தை அனுபவித்துவிட்டு வருவதற்காக மட்டும் போவதென்றால் போகாமல் இருப்பதே நல்லது.

இதில் நமக்கு நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. 1895-ல் இந்தியாவுக்கு வந்த அயர்லாந்து மிஷனரி எமி கார்மைக்கேல், 1901 முதல் களக்காட்டை அடுத்த டோனாவூரில் பெண்பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார். 1951-ல் அங்கேயே இறந்தார். இடையில் ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. பிள்ளைகள் அவரை அம்மா என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட வைத்தது அந்த ஐம்பது வருஷம்.

நிலையாக ஒருவர்

இல்லத்துக் கேட்டைத் திறந்து நுழைந்ததும் நாலு வயசுப் பிள்ளை ஒன்று ஓடிவந்து, முன்பின் தெரியாத உங்கள் காலைக் கட்டிக்கொள்ளும். மடியில் ஏறி உட்காரும். "பாருங்க, எவ்வளவு பாசம்!" என்று நாம் உருகிப்போவோம். ஆனால் தன் வீட்டில் வளரும் நாலு வயசுப் பிள்ளை அந்நியரைக் கண்டால் அம்மா முந்தானைக்குப் பின்னால்தான் ஒளியும். யாரிடம் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, நிலையான ஒருவர் தனக்குக் கிடைக்காததால் கிடைப்பவரையெல்லாம் பிடித்துக்கொள்ளும் பிள்ளையாக இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்துக்காக பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி 1951-ல் தயாரித்த அறிக்கையிலேயே, சிறு வயதில் தாயோ தாயின் இடத்தில் தொடர்ந்து இருக்கும் ஒருவரோ குழந்தைக்கு அவசியம் என்பது அழுத்தமாகச் சொல்லப்பட்டது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கிய ஆய்வு, விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பல வருஷம் பின்தொடர்ந்தது. ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். மாதம் ஒரு குழு வந்து கொஞ்சிவிட்டு, அழவைத்துவிட்டுப் போனால் இந்தப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு பிரிவு. இல்லங்களுக்கு வரும் தன்னார்வப் பயணங்களால், குறிப்பாகச் சுற்றுலாவோடு சேர்ந்த பயணங்களால், பிள்ளைகளுக்கு வரக்கூடிய தீங்கைத் தடுக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானத்தில் சொன்னது.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கீழே வரும் ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் காரணம் இதுதான்.

முதல் வேலை: எந்த இல்லம்?

யாரோ ஒருவருடைய மாமா நடத்துகிறார், போகிற வழியில் இருக்கிறது என்பதெல்லாம் தேர்ந்தெடுக்கக் காரணம் ஆகாது. இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015-ன் 41-வது பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் ஒவ்வொரு இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு 5 வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்துபவருக்கு ஒரு வருஷம்வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு. பதிவுச் சான்றிதழ் வழக்கமாக ஆபீஸ் அறைச் சுவரில் மாட்டியிருக்கும். தேதியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கலெக்டர் அலுவலக வளாகத்திலோ அதை ஒட்டியோ இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். இப்படிக் கேட்பதை நல்ல இல்லம் தப்பாக எடுத்துக்கொள்ளாது.

பிள்ளைகள் அங்கே எப்படி வந்தார்கள் என்பதையும் பொதுவாகக் கேளுங்கள். ஒரு பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது. "கிராமத்துக்குப் போய் நாங்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்த இல்லத்தை விட்டுவிடுங்கள். அதேபோல, வெளிநாட்டு விருந்தினர் வரும்போதெல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தி நடனம் ஆடவைக்கும் இடம், நன்கொடையாளர் முன்னால் பிள்ளையை நிறுத்தி அதன் சோகக் கதையைச் சொல்லும் இடம், யார் வந்தாலும் பெயர்கூடக் கேட்காமல் உள்ளே விடும் இடம். இங்கெல்லாம் போகக்கூடாது.

இன்னொன்றையும் குழுவில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். நம் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். அப்பா இறந்து அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார், அப்பா குடிப்பவராக இருப்பார், பாட்டிக்கு முடியாமல் போயிருக்கும். வறுமைதான் பிள்ளையை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கும். அதனால் பிள்ளைகள் காதில் படும்படி அநாதை என்ற பேச்சே வரக்கூடாது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளை குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை கொடுக்க வழி இருக்கிறது. பிள்ளைகளை வீட்டோடு சேர்க்கப் பாடுபடும் இல்லம் கிடைத்தால் அதோடு இணைந்துகொள்ளுங்கள். அதுதான் நல்ல இல்லத்துக்கு அடையாளம்.

எப்போது போவது

உங்களுக்கு லீவு கிடைக்கும் தேதி பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் போகலாம். முழுப்பரீட்சைக்கு முந்தின வாரம் பாட்டும் விளையாட்டுமாகப் போய் இறங்கினால் வார்டனுக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

மே மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழுப்பரீட்சை முடிந்ததும் அம்மாவோ, சித்தியோ, தாத்தாவோ வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போவார்கள். அறுபது பேர் இருந்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் மிஞ்சுவார்கள். போக இடமில்லாத பிள்ளைகள் இவர்கள்தான். ஒவ்வொரு தடவை கேட் சத்தம் கேட்கும்போதும் எட்டிப் பார்ப்பார்கள். பெட்டியை அடுக்கித் தயாராக வைத்துக்கொண்டு, மாமா நாளைக்கு வருவார் என்று ஒரு வாரமாகச் சொல்லும் பிள்ளையும் இருக்கும். பெரிய குழுக்கள் இந்த நேரத்தில் வர விரும்புவதில்லை, ஆள் இல்லையே என்பார்கள். நான் சொல்வேன், இதுதான் போக வேண்டிய நேரம். ஆனால் சின்னக் குழுவாக, நாலைந்து பேராக, சத்தமில்லாமல் போங்கள். மேடை, மைக், பேனர் எதுவும் வேண்டாம். அவர்களோடு கேரம் விளையாடி, சேர்ந்து சமைத்து, வார்டன் அனுமதித்தால் கடற்கரைக்கோ அணைக்கோ கூட்டிப்போய் வந்தால் போதும். வார்டனும் அந்த ஒரு மாதம்தான் மூச்சு விடுவார். அவர் ரெண்டு நாள் தன் வீட்டுக்குப் போய்வர உங்கள் வரவு உதவுமா என்று கேளுங்கள். பிள்ளைகளின் பொறுப்பு அப்போதும் இல்லத்து ஊழியர் ஒருவரிடம்தான் இருக்க வேண்டும்.

வார்டனோடு ஒரு பேச்சு

இரண்டு பேர் முன்கூட்டியே நேரில் போங்கள். போனில் கேட்டால் "எது செஞ்சாலும் சந்தோஷம் தம்பி" என்றுதான் பதில் வரும். நேரில் உட்கார்ந்து, "அக்கா, உங்களுக்கு இப்போ எது தலைவலியா இருக்கு?" என்று கேட்டால் உண்மையான பட்டியல் வரும். பெண்பிள்ளைகள் பக்கத்துக் குளியலறையில் தாழ்ப்பாள் சரியில்லை. எட்டாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேருக்கு இன்னும் வாய்ப்பாடு வரவில்லை. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி ரொம்ப நாளாகிவிட்டது. நன்கொடைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆளில்லை. இந்தப் பட்டியல்தான் உங்கள் பயணத் திட்டம்.

அங்கே இருக்கும்போதே குழந்தைப் பாதுகாப்பு விதிமுறை எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் குழுவாவது ஒன்றை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுங்கள். எங்கே தங்குவது, எந்த நேரத்துக்கு மேல் பிள்ளைகள் பகுதிக்குள் போகக்கூடாது, யாருக்கு என்ன அலர்ஜி, எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும் என்பதையெல்லாம் அவர் சொல்லும்போது குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை பிள்ளைகள் தூங்கும் கட்டடத்தில் தங்க வேண்டாம். பக்கத்துச் சபையின் ஹாலில் பாய் விரித்துப் படுத்தால் போதும்.

குழு

பத்துப் பன்னிரண்டு பேர் போதும். நாற்பது பேர் பஸ் பிடித்துப் போனால் அது பிக்னிக் ஆகிவிடும். ஆண், பெண் இருபாலரும் வேண்டும், பொறுப்பான பெரியவர் இருவராவது வேண்டும். ஒவ்வொருவரும் கல்லூரியிலிருந்தோ சபைப் போதகரான ஐயரிடமிருந்தோ நன்னடத்தைக் கடிதம் வாங்கி, அடையாள அட்டை நகலோடு இல்லத்தில் முன்னதாகவே கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிப்பவரை விட்டுவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டில் வாழும் தமிழ் மாணவர்கள் சேர்வதாக இருந்தால் விசா விவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்க ஊழியம் செய்ய அனுமதி இல்லை. ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) வைத்திருப்பவர்களும் மிஷனரிப் பணிக்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும் என்று 2021 மார்ச் அறிவிக்கை சொல்கிறது.

ஆயத்த ஜெபத்துக்குக் கூடும்போதே பயிற்சியையும் வைத்துவிடுங்கள். ஒருவர் பிள்ளையாக நடிக்க, மற்றவர் பதில் சொல்லிப் பழகட்டும். "அண்ணா, என்னையும் உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? முன்னாலேயே யோசிக்காதவர்கள் வாயில் "சரிடா, கண்டிப்பா" என்றுதான் வரும். அந்தப் பிள்ளை அதை வருஷக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். "நான் காலேஜ்ல படிக்கிறேன், கூட்டிட்டுப் போக முடியாது. ஆனா இப்போ உன்கூட விளையாட வந்திருக்கேன்" என்று உண்மையைச் சொல்லிப் பழகுங்கள்.

காணிக்கை, சாப்பாடு, பொருள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு நல்ல பெயருள்ள இல்லத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். பிறந்தநாள் குடும்பம் ஒன்று பிரியாணியோடு வரும். பிள்ளைகள் வரிசையாக நின்று ஹேப்பி பர்த்டே பாடுவார்கள், தட்டை முன்னால் வைத்துக்கொண்டு யார் பெயரையோ சொல்லி ஜெபிப்பார்கள், தேங்க்யூ அங்கிள் என்பார்கள். மூன்று மணிக்கு இன்னொரு குடும்பம் கேக்கோடு. அதற்குள் சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும், ஆனாலும் எழுப்பி நிறுத்துவார்கள். திங்கட்கிழமை ரெண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அறுபது பேருக்கு நோட்டு, ஷூ, பை, பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் என்று செலவு குவியும். அப்போது கேக் கொண்டுவந்தவர்கள் யாரும் வரமாட்டார்கள்.

அதனால் விருந்து வேண்டாம். சேர்ந்த காணிக்கையை இல்லத்தின் வங்கிக்கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். அல்லது வார்டன் கொடுக்கும் பட்டியலின்படி வாங்கிக் கொடுங்கள். அரிசி, எண்ணெய், சோப்பு, பேன் மருந்து, சிரங்குக்கான களிம்பு, உள்ளாடை ஆகியவை அந்தப் பட்டியலில் அடிக்கடி இருக்கும். உள்ளாடையும் செருப்பும் அளவு கேட்டுப் புதிதாக வாங்குங்கள். பழைய துணி சேகரிப்பதை நான் ஆதரிப்பதில்லை. கிழிந்ததைப் பிரித்து எறியும் வேலைதான் அங்கே மிஞ்சும்.

தனிப்பட்ட பிள்ளைக்குத் தனிப்பட்ட பரிசு கூடவே கூடாது. நீங்கள் ஊருக்குத் திரும்பியதும் அந்த வாட்ச்சுக்காகச் சண்டை வரும், பஞ்சாயத்து வார்டன் தலையில் விழும். எதைக் கொடுத்தாலும் பொதுவில், அவர் கையால் கொடுக்கட்டும்.

நிகழ்ச்சியும் விசுவாசமும்

கிறிஸ்தவ இல்லமாக இருந்தாலும் அங்கே இந்து, இஸ்லாமியக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அந்த இடத்தையே நம்பி இருக்கிறார்கள். அந்த நிலையில் இருக்கும் பிள்ளையிடம் "கை தூக்கு, முன்னால் வா, முழங்கால் போடு" என்றால் அது செய்யத்தான் செய்யும். அதை மனமாற்றம் என்று எண்ணி அறிக்கையில் எழுதுவது ஆண்டவருக்கும் நேர்மையல்ல, பிள்ளைக்கும் நியாயமல்ல. சட்டச் சிக்கலையும் கொண்டுவரும், அதன் விளைவை இல்லம்தான் சுமக்கும். இல்லத்தில் வழக்கமாக நடக்கும் குடும்ப ஜெபத்தில் நீங்களும் உட்காருங்கள். ஒரு பாட்டு, ஒரு வேதக்கதை போதும். நல்ல சமாரியன் கதையை நடித்துக் காட்டினால் எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். வர விரும்பாத பிள்ளைக்கு அந்த நேரத்தில் படம் வரையவோ படிக்கவோ வேறு இடமும் ஒரு துணையும் இருக்கட்டும்.

வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) மாதிரி நடத்துவதென்றால் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பிதாவின் அன்பைப் பற்றிப் பேசுபவர் கவனமாகப் பேச வேண்டும். அப்பா என்றதும் அடி நினைவுக்கு வரும் பிள்ளை அந்தக் கூட்டத்தில் இருக்கும்.

அங்கே ஒரு நாள்

காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். ஜெபம், படிப்பு, தண்ணீர் பிடிப்பது, குளியல், தலை பின்னுவது, எட்டரைக்குப் பள்ளி. இந்த ஓட்டத்தில் வார்டனுக்கு ஆறு கை வேண்டும். உங்கள் குழுப்பெண்கள் தலை பின்ன உட்கார்ந்தால் அதுவே பெரிய உதவி. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் சொந்தச் சீப்பு, இல்லாவிட்டால் பேன் எல்லாத் தலைக்கும் குடியேறிவிடும்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் வீடு காலியாக இருக்கும். பல குழுக்கள் இந்த நேரத்தில் செல்போனோடு உட்கார்ந்துவிடும். உண்மையான வேலை இப்போதுதான். தொட்டி கழுவுங்கள், தாழ்ப்பாள் மாட்டுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள், நூலக அலமாரியைத் தட்டி அடுக்குங்கள், மருந்துப் பெட்டியில் காலாவதியானதை எடுத்துப் போடுங்கள். எலக்ட்ரிக் வேலை தெரியாதவர்கள் வயரில் கை வைக்க வேண்டாம், காணிக்கையிலிருந்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் சமையலறை. சமையல் அம்மாவிடம் அனுமதி கேட்டுச் சின்ன வெங்காயம் உரிக்க உட்காருங்கள். அறுபது பேர் சாம்பாருக்கு ஒரு அன்னக்கூடை நிறைய வெங்காயம். கண் எரியும், விரல் நுனி கறுக்கும், ரெண்டு பேர் உரித்தால் மதியம் ஆகிவிடும். அந்த நேரத்தில் அந்த அம்மா பேசுவார். எந்தப் பிள்ளை கத்தரிக்காயைத் தட்டோரமாக ஒதுக்கும், எது சனிக்கிழமை மட்டும் சாப்பிட மறுக்கும், அதற்குக் காரணம் என்ன என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். சாயங்காலம் பள்ளி விட்டு வரும் பெரிய பெண்பிள்ளைகளும் தாமாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பார்கள். எதிரெதிரே உட்காரவைத்து "உன் கவலையைச் சொல்லு" என்றால் வாய் திறக்காத பிள்ளை, கைவேலைக்கு நடுவே தானாகப் பேசும்.

ஆறு மணிக்குப் படிப்பு நேரம். ஒருவருக்கு மூன்று பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டு, கடைசி நாள்வரை அதே பிள்ளைகளோடு உட்காருங்கள். வீட்டுப்பாடத்தை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். ஒன்பது மணிக்கு விளக்கணைத்ததும் உங்கள் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

பழகும்போது

தனி அறையில், மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இன்னொருவர் கண்ணில் படும் இடத்தில் இருங்கள். பிள்ளை தானாக வந்து கை பிடித்தால் பிடிக்கட்டும். நீங்களாகத் தூக்கவோ, முத்தம் கொடுக்கவோ, மடியில் இழுத்து உட்கார வைக்கவோ வேண்டாம். குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் ஊழியர் வேலை.

"உங்க அப்பா என்ன ஆனார்?" என்று கேட்காதீர்கள். வரும் ஒவ்வொரு குழுவும் அதையே கேட்டு, பிள்ளை மனப்பாடமாகப் பதில் சொல்லப் பழகியிருக்கும். உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும், கபடியில் நீ ரைடரா, இங்கே யார் நல்லா பாடுவா என்று கேளுங்கள்.

போட்டோ விஷயத்தில் வளைந்துகொடுக்க வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பராமரிப்புக்கு உட்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி என்று அடையாளம் தெரியும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 6 மாதம்வரை சிறை, 2 லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராமும் வெளியிடுவதுதான். வீட்டிலிருந்து தப்பி வந்த பெண்பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பது உங்கள் ஒரு செல்ஃபியால் தெரியக்கூடாத ஒருவருக்குத் தெரிந்துபோகலாம். நீங்கள் அடித்த சுண்ணாம்பையும் அடுக்கிய அலமாரியையும் படம் எடுங்கள், சபைக்குக் காட்ட அது போதும்.

ஒரு பிள்ளை எதையாவது சொன்னால்

அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொல்லத் தொடங்கினால் பதறாமல் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பு இல்லை, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட நான் சொல்லணும்" என்று சொல்லுங்கள். துருவித்துருவி விசாரிக்க வேண்டாம். பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே அன்றே எழுதி வைத்து, உடனே குழுப்பொறுப்பாளரிடம் போங்கள்.

பாலியல் கொடுமை என்றால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ம் வருஷப் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பதும் குற்றம். இல்லத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும், ஊழியம் பாதிக்கப்படும் என்று பெரியவர்கள் யாராவது அமைதிப்படுத்தினால் கேட்காதீர்கள். குற்றம் சொல்லப்படுபவர் இல்லத்து ஆளாக இருந்தால் அங்கே யாரிடமும் விவாதிக்காமல் நேராக 1098-க்குக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள்.

விடைபெறுவது

போகும் நாள் எது என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், நடுவிலும் ஒருமுறை நினைவுபடுத்துங்கள். கடைசி ராத்திரி மெழுகுவர்த்தி ஏற்றி அழுகைப்பாட்டுப் பாடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கு அது மனநிறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு ராத்திரி தூக்கம் போகும். பகலில், விளையாட்டு முடிந்ததும், எல்லாருக்கும் கை கொடுத்துச் சொல்லிக்கொண்டு புறப்படுங்கள். போன் நம்பர் கொடுக்க வேண்டாம். கடிதம் எழுத விரும்பினால் இல்ல முகவரிக்கு, எல்லாப் பிள்ளைகளுக்குமாக, வார்டன் படித்துக் கொடுக்கும்படி எழுதுங்கள். மறுபடி வருவது உறுதியானால் மட்டும் வருவோம் என்று சொல்லுங்கள்.

திரும்பி வந்தபின்

ஒரு வாரத்துக்குள் கணக்கை முடித்து ரசீதுகளோடு காணிக்கை கொடுத்தவர்களுக்குக் காட்டிவிடுங்கள். வார்டனுக்கு போன் செய்து, எங்களால் தொந்தரவு என்ன இருந்தது என்று கேளுங்கள். முதலில் ஒன்றுமில்லை என்பார், இரண்டாவது முறை கேட்டால் சொல்வார். அடுத்த வருஷம் வேறு ஊர் போவோம் என்ற யோசனை குழுவில் வரும். அதே இல்லத்துக்கே போங்கள். இடையில் மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று பேர் டியூஷனுக்குப் போய்வர முடிந்தால் பயணத்தைவிட அது பெரிய காரியம்.

கல்லூரி மாணவர்களான உங்களால் மற்ற யாரையும்விட நன்றாகச் செய்ய முடிந்த ஒரு வேலை உண்டு. அது பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளோடு நிற்பது. 18 வயது ஆனதும் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற பயம் அவர்களுக்குப் பதினேழிலேயே தொடங்கிவிடும். 21 வயதுவரை பின்பராமரிப்பு உதவி கிடைக்க அதே இளைஞர் நீதிச் சட்டத்தில் வழி இருக்கிறது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் முதலானவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்தில் வளர்பவர்களைத் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இது தெரியாமல் சாதிச் சான்றிதழ் இல்லையே என்று தவிக்கும் பிள்ளைகள் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். ஆதார், பிறப்புச் சான்றிதழ், சாதி, வருமானம், முதல் பட்டதாரி, வங்கிக்கணக்கு. ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடக்க வேண்டும், ஐம்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வார்டனுக்கு அது முடியாது. ஜனவரியிலேயே பிளஸ் டூ பிள்ளைகளின் பட்டியலை அவரிடம் வாங்கி, ஒரு பிள்ளைக்கு உங்களில் ஒருவர் என்று பொறுப்பெடுத்து, இல்லத்து ஊழியரையும் உடன் வைத்துக்கொண்டு காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். மே மாதம் ரிசல்ட் வந்து கவுன்சலிங் பதிவு நடக்கும்போது ஓ.டி.பி. யார் போனுக்கு வரும் என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.